தங்கப் பட்டை மீனும் 2000 வருடக் காத்திருப்பும்

மத்தியதரைக் கடலில் வாழும் கில்ட்ஹெட் சீ பிரீம் என்ற மீனுக்குக் கண்களின் நடுவே பொன்னிறப் பட்டை ஒன்று உண்டு. ரோமானியர்கள் இதை 'ஆராட்டா' என்றார்கள். பொன் பூசியது என்று அர்த்தம். சிப்பி வளர்த்துப் பணக்காரரான செர்கியஸ் ஒராட்டாவுக்கு இந்த மீனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் கொலுமெல்லா எழுதினார். முன்னோர்கள் இதை ஏரிகளில் விட்டு வளர்த்ததையும் அவரே குறிப்பிடுகிறார்.

இந்த மீன் முதலில் ஆணாக இருக்கும். இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும். முட்டையிடுவது கடலில்தான். வசந்த காலத்தில் குஞ்சுகள் இரை தேடி உப்பங்கழிகளுக்குள் வரும். குளிர் தாங்காது என்பதால் இலையுதிர் காலத்தில் கடலுக்குத் திரும்பும்.

வெனிஸ் பகுதி மீனவர்கள் இதைக் கவனித்துக் கழிகளில் அடைப்புக் கட்டினார்கள். உள்ளே வந்த குஞ்சுகளை வெளியே விடாமல் வளர்த்தார்கள். ஆனால் அடைப்புக்குள் மீன் வளர்ந்ததே தவிர, இனம் பெருகவில்லை. கடலிலிருந்து குஞ்சு வராத வருடம் பிழைப்பும் இல்லை.

1981-82-இல் இத்தாலியில் செயற்கை இனப்பெருக்கம் வெற்றி பெற்றது. அதன் பிறகே பண்ணைகள் கடலின் தயவை எதிர்பார்க்காமல் இயங்கத் தொடங்கின. இன்று சந்தைக்கு வரும் இந்த மீனில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்ததுதான்.