வஸ்பும் சிபத்தும்: அந்தலூசியப் பிள்ளைகளின் கவிதைப் பாடம்

பிள்ளைகளுக்குக் கவிதை எழுதப் பழக்கும்போது நாம் முதலில் கையில் கொடுப்பது அடைமொழிகளைத்தான். 'அழகிய நிலா', 'பசுமையான வயல்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், எல்லாக் கொப்பிகளிலும் அதே நிலா, அதே வயல். பிள்ளைக்குக் கவிதை எப்படி வாய்க்கிறது என்ற கேள்வி நமது முன்னோர்க்கும் இருந்தது.

தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406) தமது 'முகத்திமா'வில் பிள்ளைகளின் கல்விமுறைகளை ஊர்வாரியாக ஒப்பிடுகிறார். மக்ரிபில் பிள்ளைகள் குர்ஆனை மட்டுமே கற்றார்கள். அந்தலூசியாவிலோ குர்ஆனை அடிப்படையாக வைத்து, கவிதை, கடிதக்கலை, அரபு இலக்கணம், கையெழுத்து எல்லாம் சேர்த்தே கற்பித்தார்கள். மொழியாற்றலில் அந்தலூசியர் முந்தினர். மற்றக் கலைகளில் பின்தங்கினர் என்பது அவரது கணிப்பு.

செவில் நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (1076–1148) இன்னும் ஒருபடி மேலே போனார். (ஸூபி ஞானி முஹியித்தீன் இப்னு அரபி வேறு.) அரபும் கவிதையும் முதலில், குர்ஆன் பிறகு என்றார் அவர். முறை நல்லதுதான், ஆனால் வழக்கம் இடங்கொடாது என்றார் இப்னு கல்தூன். பிள்ளை வளர்ந்து கைமீறிப் போனால் குர்ஆனே கிடைக்காமற் போய்விடுமே என்பது அவருடைய அச்சம்.

அரபுக் கவிதையில் வர்ணனைக்குப் பெயர் 'வஸ்பு'. ஓதப்பள்ளியில் நாம் பாடமாக்கிய இருபது சிபத்தின் 'சிபத்து'ம் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். அரபு இலக்கணத்தில் பெயரடைக்கும் அதுவே பெயர். அந்தலூசியாவில் வஸ்பு செழித்தது. 11ஆம் நூற்றாண்டில் அபுல் வலீத் அல்ஹிம்யரி வசந்தகால வர்ணனைகளுக்கென்றே ஒரு நூலைத் தொகுத்தார். இப்னு கபாஜா தோட்டங்களைப் பாடிப்பாடியே 'தோட்டக்காரர்' எனப் பெயர் பெற்றார்.

இந்த ஆற்றல் சொற்பட்டியலால் வருவதல்ல என்கிறார் இப்னு கல்தூன். நல்ல கவிதைகளை நிறைய மனனமிட வேண்டும். பிறகு அந்தச் சொற்களை மறந்துவிட வேண்டும். சொல் போனாலும் அதன் வார்ப்பு உள்ளத்தில் தங்கும். அதை அவர் நெசவாளியின் தறிக்கு ஒப்பிடுகிறார். மருதமுனைப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை: தறி ஒன்றுதான், ஆனால் நெய்பவர் போடும் நூலுக்கேற்பப் புடவை மாறும்.

நாமோ மனனத்தை ஓதப்பள்ளிக்கும், கவிதையைப் பாடசாலைக்கும் என்று பிரித்துவிட்டோம். பாடசாலையில் பிள்ளைக்குத் தறியே கிடைப்பதில்லை. அடைமொழி என்ற சாயம் மட்டும் கிடைக்கிறது. முதலில் நல்ல பாட்டுகளைக் காதில் போடுவோம், பாடமாக்க விடுவோம். பிறகு, "உங்கட வளவில இருக்கிற மாமரம் எப்படி இருக்கு?" என்று கேட்போம். அந்தப் பிள்ளை சொல்லும் சிபத்து வேறெந்தக் கொப்பியிலும் இருக்காது.