கட்டி என்று நினைத்த காலம்

எம்.ஆர்.ஐ. ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு என் பிசியோதெரபி அறைக்கு முகம் வெளிறி வருகிறவர்களுக்கு முதலில் பாஸ்டன் கதையைச் சொல்லிவிடுவேன்.

இடுப்பிலிருந்து கால்வரை சுண்டியிழுக்கும் வலிக்கு நரம்பே காரணம் என்று நேப்பிள்ஸ் மருத்துவர் கோட்டுன்யோ 1764-லேயே எழுதிவிட்டார். அந்த நரம்பை நெருக்குவது எது என்பதில்தான் குழப்பம். 1909-ல் பெர்லினில் ஓப்பன்ஹைமும் கிராவுஸேயும், முதுகெலும்புக்குள் நரம்புகளை அழுத்திய துண்டை வெட்டியெடுத்ததைப் பதிவு செய்தார்கள். நோயாளி தேறினார், துண்டுக்குக் குருத்தெலும்புக் கட்டி என்று பெயர் விழுந்தது.

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவர் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் பாரும் பழைய ‘கட்டி’களை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பல, முதுகெலும்பு வட்டிலிருந்து பிதுங்கி வந்த துண்டுகள்! 1934-ல் கட்டுரை வெளியானது. பிறகென்ன, வட்டு என்றாலே கத்திதான்.

அந்த வேகத்துக்குக் கடிவாளம் போட்டது 1983-ல் நார்வே மருத்துவர் வெபர் வெளியிட்ட ஆய்வு. அறுவை செய்துகொண்டவர்கள் முதல் வருடம், செய்துகொள்ளாதவர்களை முந்தினார்கள். பத்தாம் வருடத்தில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பாதம் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ நானே உடனே அறுவை மருத்துவரிடம் துரத்திவிடுவேன். மற்றவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க வைக்கிறேன்.