சீட்டுக்காசும் சங்கக் கணக்கும்

எபினே-சூர்-செய்னில் எங்கள் சீட்டு மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூறப்படும். இருபது பேர். பெரும்பாலானோர் லாச்சப்பலில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த காலத்திலிருந்து ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கழிவு கூடக் கேட்பவருக்கு அந்த மாதக் காசு. வங்கி எங்களைத் திரும்பியும் பார்க்காத எண்பதுகளில், ஃபோபூர் சென்-தெனி வீதியிலும் காய் வீதியிலும் திறந்த கடைகள் பலவற்றின் முதல் இந்தக் காசுதான். பயண முகவருக்குக் கொடுத்ததும் இதுதான்.

ஒருமுறை தாச்சி காசோடு மாறிவிட்டார். எழுத்தில் ஒரு துண்டும் இல்லை. யாரிடம் போய் முறையிடுவது? அடுத்த மாதமே மிச்சப் பேர் புதுச் சீட்டுத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்த அண்ணை ஒருவர் சொன்னார்: "தம்பி, சங்கத்திலையும் களவு நடந்ததுதான். ஆனால் கணக்கைப் பொதுக்கூட்டத்திலை வாசிக்கோணும். சனம் எழும்பிக் கேள்வி கேட்கும்."

அண்ணை சொன்ன அந்தப் பொதுக்கூட்டத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1846-47 பஞ்சத்தில் வையர்புஷ் என்ற சிற்றூரின் மேயராக இருந்த ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், விவசாயிகள் வட்டிக்காரரிடம் மாட்டையும் நிலத்தையும் இழப்பதைக் கண்டார். முதலில் தர்ம சிந்தனையுள்ள பணக்காரரை நம்பிப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1864இல் ஹெடஸ்டோர்ஃபில் தொடங்கிய கடன் சங்கத்தில் கடன் வாங்குவோரே உறுப்பினர்கள். ஒரு சிறிய எல்லைக்குள் மட்டும் சங்கம். ஒருவர் கட்டத் தவறினால் எல்லோரும் பொறுப்பு. இலாபம் பங்கிடப்படாமல் சேமநிதிக்குப் போகும். தொழிலுக்கு மட்டுமே கடன். அயலவன் கடன் வாங்கி மாடு வாங்கினானா, குடித்துத் தீர்த்தானா என்பது ஊருக்குத் தெரியும் என்பதே அவருடைய பிணை.

1882இல் ஸ்ட்ராஸ்பூருக்கு அருகே லா வான்ஸெனோவில் இதே முறையில் ஒரு சங்கம் தோன்றியது. அல்சாஸ் அப்போது ஜெர்மன் ஆட்சியில் இருந்தது. இன்று எங்களில் பலர் சம்பளம் போடும் கிரெடி மியுத்துவெலின் தொடக்கம் அதுதான். ஒரு காலத்தில் கிராமத்தானின் சங்கம். இன்று காப்புறுதியும் கைத்தொலைபேசியும் விற்கும் பெரிய குழுமம். எங்கள் காசு அங்கிருந்து எங்கே போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுபுறத்தில் சென்னை அரசாங்கம் 1892இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895இலும் 1897இலும் அவர் தந்த அறிக்கைகளின் சாரம், இந்தியாவுக்கு ஒரு ரைஃபைசனைத் தேடிப்பிடியுங்கள் என்பது. அதே அறிக்கையில் சென்னை மாகாணத்து நிதிகளையும் அவர் ஆராய்ந்தார் என்பது எனக்கு முக்கியம். 1872இலேயே மயிலாப்பூரில் நிதி இருந்தது. வெள்ளைக்காரன் வந்துதான் எங்களுக்குச் சேமிக்கக் கற்றுத்தந்தான் என்று எவரும் எழுத முடியாது. 1904இல் சட்டம் வந்தது. திருவள்ளூருக்கு அருகே திரூரில் அவ்வாண்டே கடன் சங்கம் பதிவானது.

இலங்கைக்குச் சட்டம் 1911இல் வந்தது. யாழ்ப்பாணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மூளாயில் 1930களில் ஓர் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக எழுப்பினார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து 1952இல் வட்டுக்கோட்டைக்குப் பாராளுமன்ற உறுப்பினரான வீரசிங்கம் இயக்கத்தின் தூணாக நின்றார். நாங்கள் நாடகமும் கூட்டமும் பார்த்த வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவாளரின் சொத்து என்பது எத்தனை பேருக்கு நினைவு? 1972இலிருந்து கள்ளிறக்கும் தொழிலாளரின் சங்கங்கள் வந்தன. தவறணைக் குத்தகைக்காரனின் கையில் கிடந்த, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்புக்கு ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. வடக்கின் கூட்டுறவு வரலாற்றில் இதுவே பெரிய காரியம் என்பேன்.

ஆனால் வங்கி கைநழுவியது. கூட்டுறவுகளின் சமஷ்டி வங்கியை 1961இல் மக்கள் வங்கிக்குள் எடுத்தார்கள். அது அரச வங்கி. யுத்த காலத்தில் சங்கக்கடை நிவாரண அரிசி நிறுக்கும் இடமாகச் சுருங்கியது. 2009க்குப் பின் அந்த வெற்றிடத்தில் நுண்கடன் கம்பனிகள் நுழைந்தன. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பயந்து பெண்கள் ஒளித்திருந்த கதைகள் இங்கே தொலைபேசியில் வந்தன. 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே இறங்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் நாங்கள் ஐரோப்பாவிலிருந்து காசு அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம், கோபுரத்துக்கும் கலியாணத்துக்கும்.

பிரான்ஸில் லா நெஃப் என்ற சிறிய நிறுவனத்தை இங்கேதான் வைத்துப் பார்க்கிறேன். 1978இல் ருடோல்ஃப் ஸ்டைனரின் சிந்தனையில் ஈடுபட்ட சிலர் ஒரு சங்கமாகத் தொடங்கினார்கள். 1988இல் அது கூட்டுறவு நிதி நிறுவனமாகியது. தலைமையகம் லியோனுக்கு அருகே வோ-ஆன்-வெலினில். உறுப்பினருக்குப் பங்கு எத்தனை இருந்தாலும் வாக்கு ஒன்று. இயற்கை வேளாண்மை, மாற்று எரிசக்தி, சமூக வேலை, கலை போன்றவற்றுக்கே கடன். தன் காசு எந்தத் துறைக்குப் போகவேண்டும் என்று சேமிப்பவர் விருப்பம் சொல்லலாம். ஆண்டுதோறும் யாருக்கு, எதற்குக் கடன் கொடுத்தது என்ற பட்டியலை முழுவதும் வெளியிடுகிறது. ரைஃபைசனின் ஊரில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அறிந்ததை, ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோருக்கு இந்தப் பட்டியல் செய்கிறது.

2003இல் தொடங்கிய தெர் த லியான் இதன் நெருங்கிய உறவு. பொதுமக்களின் பங்குப் பணத்தில் விவசாயக் காணி வாங்கும். இரசாயனம் போடாத விவசாயிக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். திரும்ப விற்காமல் வைத்திருக்கும். வலிகாமத்தின் செம்மண்ணைப் பரப்பாக உடைத்து விற்பதைப் பார்த்தவருக்கு இதில் ஒரு பொறாமை வரும்.

குறையும் உண்டு. நெஃப் தொழிலுக்கும் சங்கங்களுக்கும்தான் கடன் தரும். மகளின் சாமத்தியச் சடங்குக்கோ தம்பியை எடுப்பதற்கோ அங்கே போக முடியாது. பல்பொருட் கடைக்காரர் போனாலும், இந்தக் கடையால் மண்ணுக்கும் சமூகத்துக்கும் என்ன பயன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் எங்களில் பலர் விழிப்போம். பட்டியலை அண்ணைக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்: பண்ணை, பேக்கரி, புத்தகக்கடை.

"இதை வாசிச்ச பிறகு எழும்பிக் கேள்வி கேட்கலாமோ?"

உறுப்பினர் என்றால் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம் என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உள்ளேயிருந்து தாச்சி கூப்பிட்டார், கழிவு கேட்கும் நேரமாகிவிட்டது.