குக்ரியும் அதைச் செய்தவர்களும்

"குக்ரியை உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திருப்பி வைக்கக் கூடாதாமே சார்?" வருஷத்துக்கு ஒரு பையனாவது வகுப்பில் இதைக் கேட்டுவிடுவான். கட்டுக்கதைதான். நேபாள மலைக் கிராமங்களில் விறகு வெட்டுவதும் காய் நறுக்குவதும் அதே கத்திதான். வெள்ளைக்காரர்களிடம் அதற்குப் பெயர் வந்தது 1814-16 போரில்.

எனக்கு வியப்பு அதன் செய்முறை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து அடித்தே அந்த வளைவைக் கொண்டுவருகிறார்கள். பிறகு, பழுக்கக் காய்ந்த கத்தியின் வாய்ப்பக்கம் மட்டும் கெட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். வாய் இறுகிவிடும், முதுகு அவ்வளவு இறுகாது. ஓங்கி வெட்டினாலும் ஒடியாமல் இருப்பது அதனால்தான். எங்கே, எவ்வளவு ஊற்றுவது என்பதெல்லாம் கைப்பழக்கம்.

இந்த வேலை காமி என்ற கொல்லர் சாதியினருடையது. நாம் ஆயுத பூஜை கொண்டாடும் அதே நாட்களில் அங்கே தசைன். குக்ரிக்கும் பூஜை உண்டு. செய்தவருக்கு? காமியின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று 1854ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கெட்டில் பிடிக்கும் அதே கைதான்! 1963இல் வந்த புதுச் சட்டம் அந்தப் பாகுபாட்டுக்கு இடம் தரவில்லை. கிராமங்களில் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை.