முட்டைக் காசிலிருந்து அறை வாடகை வரை

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் 41.2 என்றொரு பிரிவு இருக்கிறது. பெண் தன் இல்லத்துக்குள் வாழும் வாழ்க்கையால் அரசுக்கு ஆதரவு தருகிறாள், அந்த ஆதரவு இல்லாமல் பொதுநலம் கிட்டாது என்று அது சொல்கிறது. வறுமையால் வேலைக்குப் போய் வீட்டுக் கடமைகளைக் கைவிடும் நிலை தாய்மார்களுக்கு வராமலிருக்க அரசு முயலும் என்றும் சொல்கிறது. படிக்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் 1944இல் குழந்தைகளுக்கான உதவித்தொகை வந்தபோது அது தந்தைக்கு என்றே எழுதப்பட்டது. தாயின் உரிமையாக மாற 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசுப் பணியிலிருந்த பெண் திருமணமானதும் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. 41.2ஐ மாற்ற 2024 மார்ச் 8 அன்று வாக்கெடுப்பு நடந்தது. மாற்றாக வைத்த வாசகமும் பலருக்குத் திருப்தி தரவில்லை. முக்கால்வாசிப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

வீட்டைவிட்டு வெளியே போய்ச் சம்பாதிக்கக் கூடாது என்று சொன்ன நாட்டில், கிராமத்துப் பெண்கள் வீட்டைக் கொண்டே சம்பாதித்தார்கள். அதுதான் 'பி அண்ட் பி' எனப்படும் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்'. ஓரிரவு படுக்கை, காலையில் உணவு, பிறகு விருந்தினர் கிளம்பிவிடுவார். கெர்ரி, கிளேர், கால்வே, டொனெகல் என்று மேற்கு மாவட்டங்களின் சாலையோரப் பண்ணை வீடுகளில் 1960களிலிருந்து இது பெருகியது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. அயர்லாந்துப் பண்ணையில் நிலமும் மாடும் ஆணுடையவை. வெண்ணெயும் கோழியும் பெண்ணின் பொறுப்பு. முட்டை விற்ற காசில்தான் தேயிலை, சர்க்கரை, பிள்ளைகளின் காலணி எல்லாம் வரும். நாம் சிறுவாட்டுக் காசு என்போமே, ஏறக்குறைய அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கூட்டுறவுப் பால்பண்ணைகள் வந்தன. வெண்ணெய் கடைவது பெண்ணின் கையைவிட்டு ஆலைக்குப் போனது, பால் பணம் ஆணின் பெயரில் வந்தது. பின்னர் கோழி வளர்ப்பும் பெருந்தொழிலானது. பெண் செய்த வேலையில் நல்ல லாபம் தெரியத் தொடங்கியதும் அது அவள் கையைவிட்டு நழுவுவது அயர்லாந்துக்கு மட்டும் உரியதல்ல. முட்டைக் காசு போன இடத்தை நிரப்பியதுதான் அறை வாடகை. வீட்டை ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது இதிலிருந்த ஒரு வசதி.

வீடு தயாராக வேண்டுமே! கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் 1946இல்தான் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் இன்னும் தாமதம். 1910இல் தோன்றிய கிராமப் பெண்கள் சங்கம் 1960களில் குழாய்த் தண்ணீருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. வரி ஏறிவிடும் என்று விவசாயிகள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள் இல்லையே! பல வீடுகளில் குளியலறை கட்ட ஒப்புதல் கிடைத்ததற்கு விருந்தினர் வருவார்கள் என்பதும் ஒரு காரணம். மனைவிக்காகக் கட்டப்படாத குளியலறை வெளியூர்க்காரருக்காகக் கட்டப்பட்டது. அவர் போன பிறகு அவளும் அதில் குளித்தாள்.

அந்த வேலையின் ஒரு நாள் எப்படிப் போகும்? காலை ஆறு மணிக்கு அடுப்பு. பன்றியிறைச்சித் துண்டு, சாசேஜ், இரத்தம் சேர்த்துச் செய்யும் கறுப்புப் புட்டிங், முட்டை, தக்காளி, அன்றன்று சுட்ட சோடா ரொட்டி, கெட்டியான தேநீர். ஒருவருக்கு முட்டை வேகாமல் வேண்டும், இன்னொருவருக்கு இறைச்சியே வேண்டாம். எட்டரைக்கு ஒரு மேசை, ஒன்பதுக்கு இன்னொன்று. அவர்கள் கிளம்பியதும் படுக்கை விரிப்புகள். அடிக்கடி மழை பெய்யும் அந்த மேற்குக் கரையில் விரிப்பைக் காயவைப்பதே தனிப் போராட்டம். காயப்போடுவதும் எடுப்பதும் மறுபடி காயப்போடுவதுமாகப் பகல் கழியும். நடுவே கன்றுகளுக்குத் தீவனம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, வயதான மாமியாருக்கு மருந்து. மாலை நான்கிலிருந்து ஒரு காது வாசலில். யார் வருவார்கள், வருவார்களா என்றே தெரியாது. இரவு பதினொன்றுக்கு விளக்கணைக்கப் போகும்போது ஒரு கார் வந்து நிற்கும். தேநீர் போட வேண்டும், சிரிக்க வேண்டும். மனத்தால் செய்யும் இந்த உழைப்புக்கு ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு பெயர் வைத்தார்: உணர்வு உழைப்பு. விமானப் பணிப்பெண்ணுக்கு விமானம் தரையிறங்கியதும் சீருடையைக் கழற்றலாம். இங்கே வேலையிடமே வீடு, கழற்ற எதுவுமில்லை.

கோடையில் பிள்ளைகளின் அறை விருந்தினருக்குப் போகும். பிள்ளைகள் மாடத்திலோ தாய் தந்தையரின் அறையிலோ நெருக்கியடித்துப் படுப்பார்கள். பாதிரியார் வந்தால் மட்டும் திறக்கும் முன்னறை உணவறையானது. குடும்பம் சமையலறைக்குள் ஒடுங்கியது. அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கோடை என்றால், சுவருக்கு அப்பால் அந்நியர் தூங்குவதால் மெதுவாகப் பேசிய மாதங்கள்.

விருந்தினர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. 1950களில் மட்டும் நான்கு லட்சம் பேருக்கு மேல் நாட்டைவிட்டுப் போனார்கள், இளம்பெண்கள் ஏராளம். 1961இல் மக்கள்தொகை 28 லட்சமாகச் சுருங்கியது. போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பூர்வீகம் தேடி இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தார்கள். போனவளின் மகளுக்குத் தங்கிவிட்டவள் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், காசும் வாங்கினாள். இதில் கசப்பு இருந்ததா பாசம் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. இரண்டும் ஒரே தட்டில் இருந்திருக்கும்.

அரசின் சுற்றுலா வாரியத்துக்கு அப்போது 'போர்ட் ஃபால்ட்சே' என்று பெயர், 'வரவேற்பு வாரியம்' என்று பொருள். அதன் ஆய்வாளர்கள் வந்து பார்த்து ஒப்புதல் தந்தால் பச்சை ஷாம்ராக் இலைச் சின்னம் பொறித்த பலகையை வாசலில் மாட்டிக்கொள்ளலாம். ஐரியர்களின் விருந்தோம்பல் நாட்டின் இயல்பு என்று விளம்பரங்கள் பாடின. காலை ஆறு மணிக்கு அடுப்பை மூட்டியது நாடல்ல.

பலகை தொங்கிய வீடு யாருடையது? பெரும்பாலும் கணவனுடையது, அதற்கு முன் மாமனாருடையது. மனைவிக்கு எதுவும் விடாமல் கணவன் உயில் எழுத முடிந்த நிலையை 1965ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் மாற்றியது. பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, இல்லையென்றால் பாதி என்று அவளுக்கு உறுதியானது. அவள் எழுத்து மூலம் சம்மதிக்காமல் குடும்ப வீட்டை விற்க முடியாது என்ற சட்டம் வர 1976 ஆனது. அதுவரை, அவள் சுவரடித்து, திரை தைத்து, குளியலறை கட்டக் காசு சேர்த்த வீட்டை அவளைக் கேட்காமலே விற்க வழியிருந்தது.

இருந்தும் அறை வாடகை அவள் கையில் புழங்கியது. மகளை மேற்படிப்புக்கு அனுப்பிய பணம் அது என்று சொல்லும் குடும்பங்கள் மேற்கில் நிறைய உண்டு. ஆனால் அதை வருமானம் என்று சொல்வதில்லை, 'கைச்செலவுக் காசு' என்பார்கள். டிராக்டர் கடனைக் கட்டியபோதும் அது கைச்செலவுக் காசுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்பது முதுமையில் தெரிந்தது. சுயதொழில் செய்வோருக்குச் சமூகக் காப்பீடு 1988இல் வந்தது. தொழில் கணவனின் பெயரில் இருந்தால் மனைவி அதில் வெறும் 'உதவியாளர்', அவளுக்கெனத் தனிச் சந்தா இல்லை. முப்பது கோடைகள் விருந்தினருக்குச் சமைத்த பெண்கள் ஓய்வூதியம் கேட்டுப் போனபோது அவர்களில் பலரின் கணக்கில் ஒரு வாரச் சந்தாகூட இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது கணவனின் ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரப்படும், அவனைச் சார்ந்தவள் என்ற வகைக்கான தொகை.