அக்கரைப் பயணமும் அழியாச் சுவடும்

'செபராங்' என்னும் மலாய்ச் சொல் அக்கரையைக் குறிக்கும். பினாங்குத் தீவிலிருந்து நோக்குவார்க்கு எதிரே தோன்றும் பெருநிலமே செபராங் பிறை. அங்கே பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய புதுநகரம் செபராங் ஜெயா. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் கூலிம் செல்லும் விரைவுச்சாலையும் பினாங்குப் பாலத்துக்குச் செல்லும் வழியும் இவ்வட்டாரத்திலேயே கூடுகின்றன. ஒருவரது பயணத்தைப் பிறர் எவ்வளவு அறியலாம் என்னும் வினாவின் வரலாற்றை ஆராய இதனினும் ஏற்ற இடம் அரிது.

வண்டியை அடையாளங்காணும் முறை புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே பினாங்கு வண்டிகள் 'பி' என்னும் எழுத்தைத் தாங்கின. ஆயினும் அந்த எண்பலகை, வண்டி யாருடையது என்று கூறிற்றேயன்றி எங்கே சென்றது என்று கூறவில்லை. பட்டர்வொர்த் துறையில் படகேறியவர் காசு கொடுத்தார், கடலைக் கடந்தார், அவ்வளவே. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டபோதும் இந்நிலை மாறவில்லை. பிறைப் பக்கத்து டோல் சாவடியில், தீவு நோக்கிச் செல்வோரிடம் மட்டும் கட்டணம் பெறப்பட்டது. நாணயத்துக்குப் பெயரில்லை, அதை வாங்கியவருக்கோ முகங்களை நினைவிற்கொள்ள நேரமில்லை.

மாற்றம், வசதி என்னும் வாயில் வழியாகவே நுழைந்தது. 1997இல் மலேசிய நெடுஞ்சாலைகளில் 'டச் அண்ட் கோ' அட்டை அறிமுகமாயிற்று. அதனைப் பெயர் கூறாமலே வாங்கலாம். எனினும் ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் உண்டு. பின்னர் வந்த ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டுவில்லை, வண்டியின் எண்ணோடும் உரிமையாளரின் மின்பணப்பையோடும் பிணைக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019 சனவரி முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. ஏழைத் தொழிலாளிக்குப் பணமும் மிஞ்சிற்று. கட்டணப் பதிவேட்டில் அவன் சுவடும் இல்லாதொழிந்தது. ஆனால், அதே மாதத்தில்தான் முகமறியும் கண்காணிப்புக் கேமராக்களைப் பினாங்கு மாநிலம் அறிமுகப்படுத்தியது!

சாவடி அறிந்தது ஓரிடத்தை மட்டுமே. இணையத்தோடு இணைந்த கார், வழி முழுவதையும் அறியவல்லது. 2018 டிசம்பரில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்70, இணைய இணைப்பும் குரற்கட்டளை ஏற்கும் திறனும் கொண்டிருந்தது. இத்தகைய வண்டிகள் இருக்குமிடம், வேகம், தடையழுத்தும் கடுமை ஆகியவற்றைத் தயாரிப்பாளருக்கு அனுப்பவல்லவை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சில வேளைகளில் மூன்று விநாடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் திரட்டி, உரிய இசைவின்றி விற்றதாகக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2025 சனவரியில் குற்றஞ்சாட்டியது. அதற்கு முந்திய மாதம், வோல்க்ஸ்வேகன் குழுமத்தின் ஏறத்தாழ 8,00,000 மின்கார்களைப் பற்றிய தரவுகள் காப்பின்றிக் கிடந்தமை ஜெர்மனியில் வெளிப்பட்டது. விற்றவரும் காக்கத் தவறியவரும் வேறுவேறாயினும், ஓட்டியவர்க்கு நேர்ந்தது ஒன்றே: அவர் எந்த மருத்துவமனைக்குச் சென்றார், எந்த வழிபாட்டிடத்தில் நின்றார் என்பதெல்லாம் பிறர் அறியத்தக்கதாயிற்று.

மலேசியாவில் 2010இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்துகிறது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. தரவுக்கசிவு நேர்ந்தால் அறிவிக்கவேண்டும் என்னும் கடமை 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2025 ஜூன் முதல் நடப்பிலுள்ளது. அரசுகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கை அத்திருத்தம் தொடவில்லை.