யாரைச் சார்ந்து நிற்பது?

கடவுளைச் சார்ந்திருந்தால்தான் ஆவிக்குரிய வாழ்வு வளரும் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைப் போதனை. திராட்சைச் செடியும் கொடிகளும் என்ற உவமை சொல்வதும் அதுதான். "இது அடிமைப் புத்தியை வளர்க்காதா?" என்று ஆரணிப் பக்கம் மாணவத் தோழர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலை வரலாற்றில் தேடுவோம்.

1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பட்டுக்குப் பெயர்போன ஆரணி, அதன் ஆரம்பகால நிலையங்களில் ஒன்று. அன்று சேரி மக்களில் பலர் படியாட்கள். கூலி, குடிசை போட்ட மண், வாங்கிய கடன் எல்லாமே ஆண்டையின் கையில். அவர்களிடம் போய், நீ சார்ந்திருக்க வேண்டியது கடவுளை மட்டுமே என்றால் என்ன பொருள்? ஆண்டை கடவுள் அல்ல என்று பொருள். நம் முன்னோர் அதை அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

1876–78 பஞ்சத்தின்போது பல ஊர்களில் தலித் மக்கள் கூட்டமாகத் திருச்சபைக்கு வந்தார்கள். சோற்றுக்காக மாறினார்கள் என்று அவர்களை இன்றும் ஏளனம் செய்கிறார்கள். பசித்தவருக்குச் சோறு ஆன்மிகம் இல்லையா?

ஆனால் திருச்சபைக்குள்ளும் சாதி வந்தது. சாதியை விடாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று 1850இலேயே சென்னை மிஷனரி மாநாடு தீர்மானித்திருந்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்பதே சாதியை விட்டதற்குச் சோதனை. இருந்தும் தனி இருக்கை, தனிக் கல்லறை எனப் பிரிவினை பல ஊர்களில் நீடித்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார மறுப்பவர் உண்மையில் சார்ந்திருப்பது சாதியைத்தான், கடவுளை அல்ல.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை' அண்ணன், இதற்கு 'ஒரு உலை' என்று பதில் சொன்னார். எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுப் பொங்கிச் சேர்ந்து உண்பதில்தான் கடவுள் இருக்கிறார் என்பது அவர் இறையியல். கடவுளைச் சார்வது அங்கே ஒருவரையொருவர் சார்வதாக மாறுகிறது.

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லாமல் போனது. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் கதவு திறந்தது. நமக்கு இன்னும் திறக்கவில்லை. 'கடவுள் பார்த்துக்கொள்வார், பொறுத்திரு' என்று யாராவது சொன்னால் கேளுங்கள் தோழர்களே: ஆண்டைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கச் சொன்ன கடவுள், அரசுக்கு முன்னால் மட்டும் குனியச் சொல்வாரா?